வாடகை வீட்டுக் குழாயில் டிஷ்வாஷர்: என் அனுபவம்

பாத்திரம் விளக்கும் சோப்பு பட்டால் அம்மாவுக்கு விரலிடுக்கெல்லாம் வெடித்துவிடும். அதனால்தான் புனலூரிலிருந்து செங்கோட்டைக்கு மாற்றலாகி வந்ததும் மேடைமேல் வைக்கிற சின்ன டிஷ்வாஷர் வாங்கினேன். சுவரில் துளை போடக் கூடாது என்று வீட்டுக்கார அக்கா முன்பே சொல்லிவிட்டார். சரி, சிங்க் குழாயிலிருந்தே தண்ணீர் எடுப்போம் என்று முடிவு செய்தேன்.

குழாய் நுனியில் இருந்த ஏரேட்டரை, அதாவது தண்ணீரோடு காற்றைக் கலக்கும் சின்னச் சல்லடை மூடியை, துணி சுற்றிக் குறடால் கழற்றினேன். சல்லடை முழுக்க வெள்ளையாக உப்பு. குழாயின் உள்மரை 24 மில்லிமீட்டர், மெஷினுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஹோஸின் தலையோ முக்கால் இஞ்ச். நடுவில் பித்தளை அடாப்டர் ஒன்று போட்டேன். திறந்தால் சொட்டுச் சொட்டாக ஒழுகல். டெஃப்லான் டேப்பை மூன்று முறை சுற்றியும் நிற்கவில்லை.

கடைக்கு ஹோஸையே எடுத்துப் போனேன். அண்ணாச்சி அதன் தலைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "டேப்ப எத்தன சுத்து சுத்தினாலும் நிக்காது தம்பி, உள்ள வாஷரே இல்லையே."

அதுதான் விஷயம். இந்த இணைப்பில் தண்ணீரைத் தடுப்பது மரை இல்லை, ரப்பர் வாஷர்தான். அதைப் போட்டுக் கையாலேயே இறுக்கினேன், ஒரு சொட்டு இல்லை.

கழிவு ஹோஸின் வாயைச் சிங்க்கில் தண்ணீரில் மூழ்காதபடி மேலே மாட்டுங்கள். மூழ்கினால் அழுக்குத் தண்ணீர் மெஷினுக்குள் திரும்ப ஏறலாம். அப்புறம், கழுவி முடிந்ததும் குழாயை மறக்காமல் மூடிவிடுங்கள்.

பழைய ஏரேட்டர் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. வீட்டைக் காலி செய்யும்போது மாட்டிக் கொடுக்க வேண்டும்.