எஸ்ஏடி போடும்போது பிளஸ் மைனஸ் மாறாம இருக்க: ஏஎம்எஸ் 2750 புதுசா படிக்கிறவங்களுக்கு

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்ல புதுசா சேந்த ரெண்டு தம்பிங்களுக்கு போன மாசம் சொல்லிக்குடுத்தேன், அதையே இங்க எழுதி வெக்கிறேன். விமான பார்ட்ஸ் வேலை எடுக்கணும்னா, ஏஎம்எஸ் 2750-ங்கற டெம்பரேச்சர் அளக்கற ஸ்டாண்டர்ட் படி ஃபர்னஸ் டிஸ்ப்ளே காட்டுற டெம்பரேச்சர் நிஜம்தானான்னு அடிக்கடி சோதிக்கணும், அதான் எஸ்ஏடி (சிஸ்டம் அக்யூரசி டெஸ்ட்). ஃபர்னஸ் உள்ள எல்லா இடத்துலயும் சூடு ஒரே மாதிரி இருக்கான்னு பாக்கற டியூஎஸ் இன்னொரு நாள் பாக்கலாம்.

முதல்ல கையில இருக்கற ஸ்டாண்டர்ட் காப்பி எந்த ரிவிஷன்னு அட்டையில பாருங்க. 2012-ல வந்த ரிவிஷன் ஈ-ய ஜெராக்ஸ் போட்டு வெச்சிருக்கற ஷாப் நிறைய பாத்திருக்கேன். 2020-ல எஃப், 2022-ல ஜி, 2024-ல ஹெச்னு வந்தாச்சு, பழைய டேபிள வெச்சு ஃபார்ம் ரெடி பண்ணாதீங்க.

அடுத்தது டெஸ்ட் தெர்மோகப்பிள் (சோதனைக்காக ஃபர்னஸ் உள்ள விடற, சூட்ட அளக்கற ஒயர் சென்சார்). நுனி, ஃபர்னஸ் சென்சார் நுனியில இருந்து 3 இஞ்ச்சுக்குள்ள இருக்கணும். எனக்கு 'N' டைப் தெர்மோகப்பிள்தான் புடிக்கும், 'K' டைப் மாதிரி சீக்கிரம் டிரிஃப்ட் ஆகாது, அதாவது ரீடிங் நகராது. தெர்மோகப்பிள் ரீடிங் பாக்கற டெஸ்ட் மீட்டர ஏசி ரூம்ல இருந்து எடுத்துட்டு வந்த உடனே சொருகாதீங்க, அக்னி நட்சத்திரத்துல நம்ம ஊரு ஷாப்புக்குள்ள இன்னா சூடுன்னு தெரியும்ல, அந்த சூட்டுக்கு மீட்டர் செட் ஆகட்டும்.

இப்போ நான் மாட்டுன இடம். மீட்டருக்கும் தெர்மோகப்பிளுக்கும் வர்ற காலிபரேஷன் சர்டிபிகேட்ல சில லேப் "எரர்"னு போடுவாங்க, சில லேப் "கரெக்‌ஷன்"னு போடுவாங்க. எரர்னா எவ்ளோ அதிகமா காட்டுதுன்னு, அத கழிக்கணும்; கரெக்‌ஷன்னா அத கூட்டணும். ரெண்டும் ஒரே நம்பர், குறி மட்டும் தலைகீழ். எரர் +1.1-ன்னா கரெக்‌ஷன் -1.1. ஒரு கணக்கு பாருங்க: செட் பாயின்ட் 530 டிகிரி, ஃபர்னஸ் டிஸ்ப்ளே 530.4, டெஸ்ட் மீட்டர் 529.0, மீட்டர் கரெக்‌ஷன் +0.2, தெர்மோகப்பிள் எரர் +1.1. நிஜ டெம்பரேச்சர் 529.0 - 1.1 + 0.2 = 528.1, டிஸ்ப்ளேக்கும் அதுக்கும் வித்தியாசம் 2.3. கிளாஸ் 2 (எவ்ளோ துல்லியம் வேணும்னு பிரிக்கற வகை) ஃபர்னஸுக்கு 1.7 தான் லிமிட், ஃபெயில். எரர கரெக்‌ஷன்னு நெனச்சு கூட்டிட்டா 530.3 வரும், வித்தியாசம் வெறும் 0.1, சூப்பரா பாஸ்! நான் அப்படித்தான் பாஸ் போட்டு கையெழுத்தும் போட்டேன், ஆடிட்டர் சர்டிபிகேட்ட திருப்பி அந்த ஒரு வார்த்தைய விரல் வெச்சு காட்டுனாரு. அந்த ஃபர்னஸ்ல வெந்த லாட் எல்லாத்தையும் திரும்ப தோண்டி எடுக்க வேண்டியதாச்சு. அதனால எக்செல் வேணாம், முதல் பத்து தடவை பேப்பர்ல கையால போடுங்க, சர்டிபிகேட் தலைப்புல இருக்கற வார்த்தையையும் ஃபார்ம்லயே எழுதுங்க.

அப்டேட்: தெர்மோகப்பிள்ல செவப்பு ஒயர் பிளஸ்தானேன்னு காட்பாடில இருந்து ஒருத்தர் கேட்டிருந்தாரு. இல்லீங்க, அமெரிக்க கலர்ல செவப்பு மைனஸ். பச்சை வெள்ளை ஒயர் வந்தா வெள்ளை மைனஸ். சந்தேகமா இருந்தா ஒரு காந்தம் எடுங்க, கே டைப்ல மைனஸ் ஒயர்தான் காந்தத்துல ஒட்டும். தெர்மோகப்பிள்ல இருந்து பேனலுக்கு போற எக்ஸ்டென்ஷன் ஒயர ரெண்டு முனையிலயும் மாத்தி கட்டிட்டா இன்னும் ஆபத்து, சூடு ஏறுனா ரீடிங்கும் ஏறும், அதனால சரியா இருக்கறாப்லயே தெரியும். ஆனா ஃபர்னஸ் மேல இருக்கற தெர்மோகப்பிள் ஹெட் (ஒயர் சேர்ற டெர்மினல் டப்பா) 60 டிகிரி, பேனல் 40 டிகிரின்னா, அந்த 20-க்கு டபுளா சுமார் 40 டிகிரி கம்மியா காட்டும், உள்ள சரக்கு அவ்ளோ அதிகமா வெந்துட்டு இருக்கும். எஸ்ஏடி ஃபெயில் ஆனா கன்ட்ரோலர்ல ஆஃப்செட் (ரீடிங்க கூட்டி கொறைக்கற செட்டிங்) போட கை வெக்கறதுக்கு முன்னாடி டெர்மினல் மூடிய கழட்டி இத பாத்துடுங்க.