ஆப்பிரிக்க சஃபாரிக்கு எந்த நாடு? முதலில் காலண்டரைப் பாருங்கள்

பிள்ளைகளின் கோடை விடுமுறையில் கென்யா போய்வந்தோம். காட்டில் இருந்த ஐந்து நாளில் மூன்று நாள் மழை. மாசாய் மாராவின் கரிசல் மண்ணில் எங்கள் வண்டி அச்சு வரை புதைந்தது. வேறொரு வண்டி வந்து கயிறு கட்டி இழுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சிங்கம் பார்க்கவில்லையா என்றால், பார்த்தோம். ஆனால் ஊர் திரும்பியதும் என் மகள் பாட்டியிடம் சொன்னது கயிற்றின் கதையைத்தான்.

பயணத்தை விற்ற சென்னை ஏஜென்ட், "இது பசுமைக் காலம் சார், கூட்டமே இருக்காது" என்று சொல்லியிருந்தார். பொய் சொல்லவில்லை. கூட்டம் ஏன் இருக்காது என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டார்.

முதல்முறை சஃபாரி போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடுத்தரச் செலவு என்று நான் சொல்வது இதைத்தான்: காட்டுக்குச் சாலை வழியே போவது, குளியலறையோடு கூடிய அறை அல்லது கூடாரம், மூன்று வேளை உணவு, வண்டி ஓட்டுகிறவரே வழிகாட்டி. கிழக்கு ஆப்பிரிக்காவில் இதற்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 250 முதல் 400 டாலர் வரை கேட்பார்கள். விமான டிக்கெட் தனி. குட்டி விமானத்தில் போய் இறங்கும் ஆடம்பர விடுதிகளைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை, அங்கே நான் தங்கியதும் இல்லை.

படி 1: எந்த மாதத்தில் விடுப்பு என்று எழுதுங்கள்

எல்லோரும் நாட்டின் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நமக்கு விடுப்பு கிடைக்கும் மாதம் எது என்பதிலிருந்து தொடங்கினால் பாதி நாடுகள் தாமாகவே விலகிக்கொள்ளும்.

காரணம் எளிது. மழைக்காலத்தில் புல் ஆளுயரம் வளரும், எங்கு பார்த்தாலும் தண்ணீர் கிடக்கும், விலங்குகள் சிதறிவிடும். வறண்ட மாதங்களில் புல் காய்ந்து தாழ்ந்துவிடும். மிச்சமிருக்கும் குட்டைகளுக்கும் ஆறுகளுக்கும் எல்லா விலங்கும் வந்தாக வேண்டும். நாம் அங்கே காத்திருந்தால் போதும்.

கென்யாவிலும் வடக்கு தான்சானியாவிலும் மார்ச் முதல் மே வரை நீண்ட மழை, நவம்பரை ஒட்டிக் குறுகிய மழை. தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் குரூகர் பகுதியில் கதையே வேறு. அங்கே கோடையில்தான் மழை. மே முதல் செப்டம்பர் வரை குளிர்காலம், வறட்சி. இதை நம் பள்ளிக் காலண்டரோடு பொருத்திப் பாருங்கள்.

மே மாதம்தான் முடியும் என்றால் தென்னாப்பிரிக்கா. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. ஏப்ரலில் அங்கேயும் புல் இன்னும் உயரமாகவே இருக்கும், மே பாதிக்கு மேல் நல்லது. கத்திரி வெயிலில் சென்னையை விட்டுக் கிளம்பி, விடியற்காலையில் ஸ்வெட்டர் தேவைப்படும் காட்டில் இறங்குவது தனி சுகம்.

காலாண்டுத் தேர்வு விடுமுறை, அதாவது செப்டம்பர் கடைசியும் அக்டோபர் தொடக்கமும் கிடைத்தால் அதிர்ஷ்டம். மாரா, குரூகர், நமீபியாவின் எட்டோஷா எல்லாமே நன்றாக இருக்கும். மாராவில் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும் என்பது ஒன்றுதான் குறை.

அரையாண்டு விடுமுறைக்குக் கென்யாவோ தான்சானியாவோ பரவாயில்லை. குரூகரில் அப்போது கடும் வெயில், அடர்ந்த பச்சை. பறவைகள் பார்க்கிறவர்களுக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

பள்ளிக் காலண்டரிலிருந்து விடுதலை பெற்றவர்கள் ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும் தான்சானியாவின் செரெங்கெட்டி காட்டின் தெற்குப் பகுதிக்குப் போகலாம். ந்டுட்டு என்னும் பகுதியில் வில்டபீஸ்ட் (மாடு போலத் தோன்றும் பெரிய மான் இனம்) மந்தைகள் சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கில் கன்று ஈனும் காலம் அது. கன்றுகள் இருக்கும் இடத்தில் சிங்கமும் சிவிங்கிப்புலியும் கழுதைப்புலியும் தவறாமல் ஆஜராகும்.

படி 2: ஓர் ஆசையை மட்டும் தேர்ந்தெடுங்கள்

வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துக் கேளுங்கள்: எதைப் பார்க்காமல் திரும்பினால் மனம் கேட்காது? எங்கள் வீட்டில் ஒருவர் புலி என்றார். ஆப்பிரிக்கக் காடுகளில் புலி கிடையாது. அதற்கு முதுமலைக்கோ பந்திப்பூருக்கோ போக வேண்டும், அங்கேயும் புலி நினைத்தால்தான் பார்க்க முடியும்.

வில்டபீஸ்ட் மந்தை மாரா ஆற்றில் குதித்து நீந்துவதுதான் ஆசை என்றால் ஜூலை முதல் அக்டோபருக்குள் மாராவுக்கோ வடக்கு செரெங்கெட்டிக்கோ போக வேண்டும். மொத்த மந்தையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள். ஆனால் அவை நம் பயணத் திட்டத்தைப் படிப்பதில்லை. கரையில் கூடி நின்று, இரண்டு மணி நேரம் யோசித்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிடும். ஒரே நாள் ஒதுக்கினால் ஏமாற்றத்துக்குத் தயாராக இருங்கள். மூன்று நாளாவது வேண்டும்.

கிளிமஞ்சாரோ பின்னணியில் யானைக்கூட்டம் என்றால் கென்யாவின் அம்போசெலி. 5,895 மீட்டர் மலை தான்சானியாவில் நிற்கிறது, படம் எடுக்கும் இடம் கென்யாவில் இருக்கிறது. பெரும்பாலும் அதிகாலையில்தான் முகம் காட்டும், பிறகு மேகத்துக்குள் போய்விடும்.

காண்டாமிருகம் என்றால் கென்யாவின் நகுரு ஏரி, தான்சானியாவின் ங்கோரங்கோரோ, அல்லது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வடக்கே இருக்கும் ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி. இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லப் பழகுவதற்கே ஒரு வாரம் ஆகும். அழிவின் விளிம்பில் நின்ற தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகம் பெருகி வந்தது இந்தக் காட்டிலிருந்துதான். நமக்கு இன்னொரு உறவும் உண்டு. 1860இல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பனில் கரைசேர்ந்த முதல் கப்பலான 'ட்ரூரோ' சென்னைத் துறைமுகத்திலிருந்துதான் புறப்பட்டது. அந்த ஊரில் முருகன் கோயிலையும் தமிழ்ப் பெயர்களையும் பார்த்துவிட்டு அடுத்த நாள் காண்டாமிருகம் பார்க்கலாம்.

படி 3: இப்போது நாடு

கென்யா முதல்முறைக்கு வசதியானது. காடுகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை, நைரோபியிலிருந்து சாலையில் சில மணி நேரத்தில் அடையலாம். மாராவுக்கு ஐந்தாறு மணி, அம்போசெலிக்கு நான்கு மணி. நைரோபியில் தலைமுறைகளாக வாழும் குஜராத்திக் குடும்பங்களின் புண்ணியத்தில் சைவ உணவுக்குக் கவலையில்லை. காட்டு விடுதிகளிலும் பருப்பும் சப்பாத்தியும் கேட்டால் கிடைத்துவிடுகிறது.

தான்சானியா அழகில் ஒரு படி மேலே, செலவிலும்தான். செரெங்கெட்டி 14,763 சதுர கிலோமீட்டர். சஃபாரிகள் கிளம்பும் ஊரான அருஷாவிலிருந்து அதன் நடுப்பகுதிக்குப் போகவே ஏறக்குறைய ஒரு பகல் ஆகிவிடும். வழியில் இருக்கும் ங்கோரங்கோரோ, எரிமலை வாய் இடிந்து உருவான பெருங்குழி. அடித்தளம் மட்டும் சுமார் 260 சதுர கிலோமீட்டர். அங்கே இறங்க ஆள் கட்டணம் போக, வண்டிக்கென்று தனிக் கட்டணமும் உண்டு. எட்டு இரவுக்குக் குறைவாகத் தான்சானியா போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தென்னாப்பிரிக்காவின் பெரிய வசதி, நாமே ஓட்டலாம். குரூகர் சுமார் 19,500 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் ஏழில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். முக்கியச் சாலைகள் தார்ச்சாலைகள். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், சாதாரண வாடகைக் கார் போதும். தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் காரைவிட்டு இறங்கக் கூடாது, வாயில் மூடும் நேரத்துக்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். ஸ்குகூசா, சதாரா, லோயர் சாபி போன்ற அரசு முகாம்களில் பல அறைகளுக்குச் சமையல் வசதி உண்டு. குக்கரை வைத்து ரசம் சாதம் செய்து சாப்பிட்டுவிட்டு, வேலிக்கு அப்பால் கழுதைப்புலி ஊளையிடுவதைக் கேட்கும் சஃபாரி வேறெங்கே கிடைக்கும்? ஓட்ட விருப்பமில்லாதவர்கள் முகாமிலேயே காலை, மாலை வண்டிகளில் இடம் பதிவு செய்துகொள்ளலாம்.

சிறு குழந்தைகளோடு போகிறவர்கள், தென்னாப்பிரிக்காவிலேயே மலேரியா அபாயம் இல்லாத பிலானெஸ்பெர்க், மாடிக்வே, ஆடோ யானைப் பூங்கா ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

நமீபியாவின் எட்டோஷாவையும் நாமே ஓட்டிப் பார்க்கலாம். ஒகாகுவேயோ முகாமில் இரவு விளக்கொளியில் தண்ணீர் குடிக்க வரும் விலங்குகளைப் பார்த்துக்கொண்டே உட்காரலாம். தூரங்கள் அதிகம், இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோவும் ருவாண்டாவின் கொரில்லாவும் இந்தப் பட்ஜெட்டுக்கு வெளியே. ருவாண்டாவில் கொரில்லா பார்க்கும் அனுமதி மட்டும் ஆளுக்கு 1,500 டாலர்.

படி 4: நுழைவுக் கட்டணத்தைப் பெருக்கிப் பாருங்கள்

அறை வாடகையைப் பார்த்தே மயங்கிவிடுகிறோம். செலவை ஏற்றுவது நுழைவுக் கட்டணம். 2024இலிருந்து மாசாய் மாராவில் வெளிநாட்டவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். டிசம்பர் 31 அன்று 200, மறுநாள் விடிந்தால் 100. புத்தாண்டைக் காட்டில் கொண்டாட நினைக்கிறவர்கள் தேதியை இரண்டு நாள் தள்ளிவைத்தால் லாபம். காட்டுக்கு வெளியே தங்குகிறவர்களுக்கு டிக்கெட் காலை 6 முதல் மாலை 6 வரைதான்.

நான்கு பெரியவர்கள் ஆகஸ்டில் மூன்று நாள் உள்ளே போனால் 4 × 3 × 200, அதாவது 2,400 டாலர். இதே ஜூனில் 1,200. குரூகரில் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 ராண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்). அதே நால்வருக்கு அதே மூன்று நாளுக்கு 7,200 ராண்ட், ஏறக்குறைய 400 டாலர். கட்டணங்கள் அடிக்கடி மாறும். பதிவு செய்யும் நாளில் அந்தந்தக் காட்டின் அதிகாரபூர்வத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 5: காடுகளைக் குறையுங்கள், இரவுகளைக் கூட்டுங்கள்

ஏழு நாளில் ஐந்து காடு என்று போடும் திட்டத்தில் நாம் அதிகம் பார்ப்பது நெடுஞ்சாலையைத்தான். ஒரு காட்டில் இரண்டு இரவாவது, முக்கியக் காட்டில் மூன்று. கென்யாவுக்கு அம்போசெலி இரண்டு, சிறிய காடான நகுருவுக்கு மட்டும் ஒன்று, மாரா மூன்று, நைரோபி ஒன்று போதும். குரூகரில் ஐந்து இரவை இரண்டு முகாம்களுக்குப் பிரித்துக்கொள்ளலாம்.

ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டியவை: வண்டி எங்களுக்கு மட்டுமா, மற்றவர்களோடு பகிர்வதா? எல்லோருக்கும் ஜன்னல் இருக்கை உண்டா, கூரை திறக்குமா? விடுதி காட்டுக்கு உள்ளே இருக்கிறதா, வாயிலிலிருந்து எவ்வளவு தூரம்? நுழைவுக் கட்டணம் விலையில் அடக்கமா? கடைசியாக, நான் கேட்கத் தவறிய கேள்வி: இந்த மாதத்தில் அங்கே மழை எப்படி?

படி 6: சென்னையில் செய்ய வேண்டியவை

கென்யாவுக்கு 2024 ஜனவரியிலிருந்து விசா இல்லை, இணையத்தில் முன் அனுமதி வாங்கினால் போதும். தான்சானியாவுக்கு இ-விசா. தென்னாப்பிரிக்க விசாவுக்குத்தான் நேரம் பிடிக்கும், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழையும் தயாராக வைத்திருங்கள்.

கென்யா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறக்கக் கூடாது. சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் போடுகிறார்கள். போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் அறுபது வயதைத் தாண்டியவர்களும் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். மலேரியா மாத்திரையையும் அப்போதே கேட்டுவிடலாம்.

இந்திய ஏஜென்ட் மூலம் போனால் டிசிஎஸ் (பணம் கட்டும்போதே வசூலிக்கும் வரி) என்று ஒரு தொகை பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் நமக்கே வரவாகும், ரசீதைத் தொலைக்காதீர்கள். கார் ஓட்டப் போகிறவர்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊறுகாயும் பருப்புப் பொடியும் இல்லாமல் நம்மவர்கள் கிளம்ப மாட்டார்கள். கென்யாவில் 2017 முதலும் தான்சானியாவில் 2019 முதலும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. பீரோவில் தூங்கும் மஞ்சப்பைகளை எடுத்துப் போங்கள். எங்கள் மாரா ஓட்டுநருக்கு அதைப் பிடித்துப்போய், ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

குரூகர் முகாம்களில் பதினொரு மாதம் முன்பே அறைப் பதிவு தொடங்கிவிடுகிறது. அடுத்த மே மாதத்துக்குச் சதாராவில் இரண்டு இரவு கிடைத்திருக்கிறது. லோயர் சாபியில் ஆற்றைப் பார்த்த அறைக்காக, யாராவது ரத்து செய்வார்களா என்று தினமும் காலையில் காபியோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.