அணுகுண்டு இல்லாத மிரட்டலைப் படிப்பது எப்படி?

அணு ஆயுத நாடு ஒன்று புது ஏவுகணை விட்டது, செயற்கைக்கோளை உடைத்தது, ஏதோ உலோகத்தின் ஏற்றுமதியை நிறுத்தியது என்று செய்தி வந்தால், வேகம் எவ்வளவு, தூரம் எவ்வளவு என்பதை அப்புறம் பார்க்கலாம், அதில் பாதி விளம்பரம். உள்ளே இருப்பது அணுகுண்டா இல்லையா என்று எதிர்த்தரப்பால் கண்டுபிடிக்க முடியுமா? இதை முதலில் பாருங்கள்.

2024 நவம்பர் 21 அன்று ரஷ்யா, உக்ரைனின் தினிப்ரோ நகரில் இருக்கும் ஆலைமேல் ஒரேஷ்னிக் ஏவுகணையை வீசியது. அதில் அணுகுண்டு இல்லை, ஆனால் அணுகுண்டையும் சுமக்கக்கூடிய ரகம். ஏவுவதற்கு அரை மணி நேரம் முன்பே அமெரிக்காவுக்குத் தானாகத் தகவல் போய்விட்டதாக கிரெம்ளினே சொன்னது. பறந்து வரும்போது முனைக்குள் என்ன இருக்கிறதென்று ராடாருக்குத் தெரியாது, அதனால்தான் அந்தத் தகவல். ஆலைக்கு என்ன சேதம் என்பதைவிட இந்தச் சந்தேகத்துக்குத்தான் மதிப்பு அதிகம். சீனாவின் டி.எஃப்-26 ஏவுகணையும் இதே இரட்டை வேஷம்தான்.

அடுத்து, செய்ததைத் திரும்பப் பெற முடியுமா என்று பாருங்கள். 2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்றது, அவற்றைச் சேர்த்துச் செய்யும் காந்தம் கிடைக்காமல் வெளிநாட்டு கார் ஆலைகள் திணறின. இதைக் குழாய் மாதிரி மூடலாம், திறக்கலாம், அதனால் பேரம் பேச வசதி. அதே சீனா 2007-இல் தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளை உடைத்தபோது கிளம்பிய மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளை யார் திரும்பப் பொறுக்குவது?

ஹேக்கிங் மிரட்டலை மட்டும் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள். எந்த ஓட்டை வழியாக வருவேன் என்று சொன்னால் அடைத்துவிடுவார்கள், அதனால் அது சொல்லாமல் செய்யும் வேலை. 2022 பிப்ரவரி 24 அன்று, உக்ரைன்மீது படையெடுப்பு தொடங்கும் நேரத்தில் செயற்கைக்கோள் இணைய நிறுவனமான வயாசாட்டின் மோடம்கள் ஹேக்கிங்கில் செத்துப்போயின, சம்பந்தமே இல்லாத ஜெர்மனியில் சுமார் 5,800 காற்றாலைகளின் தொலைத்தொடர்பும் சேர்ந்து அறுந்தது. ரஷ்யாதான் என்று ஐரோப்பிய ஒன்றியம் அதிகாரபூர்வமாகச் சொன்னது மே மாதத்தில்!

சரி, கடைசியாக, முதல் நாள் செய்தியை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். 2022 மார்ச் 9 அன்று இந்திய ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. மறுநாள் பாகிஸ்தான் ராணுவம் அதை அதிவேகத்தில் பறந்த ஒரு பொருள் என்றது, தவறுதலாகப் போய்விட்டது என்று இந்தியா அறிவித்தது மார்ச் 11-இல்தான். நடுவில் வந்த செய்திகளை இப்போது தேடிப் படியுங்கள், நல்ல பயிற்சி.