வேலையில் இருந்துகொண்டே முனைவர் பட்டமா? தடையின்மைச் சான்றை முதலில் வாங்குங்கள்

பள்ளி நிர்வாகத்தில் முனைவர் பட்டம் செய்ய ஆசைப்படும் நம் கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துத் தலைமையாசிரியர்களுக்கு இது. அமெரிக்காவில் இதற்கென்றே எட்.டி. என்று ஒரு பட்டம் உண்டு, இங்கே நமக்குப் பெரும்பாலும் பகுதிநேர பிஎச்.டி.தான் வழி. 2022 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி குறைந்தது 3 ஆண்டு ஆகும். தொலைநிலையிலோ ஆன்லைனிலோ செய்ய முடியாது, அப்படி முடித்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் தயவுசெய்து கட்டாதீர்கள். பகுதிநேரத்துக்கு வேலை செய்யும் இடத்தின் தடையின்மைச் சான்று கட்டாயம். அந்த ஃபைல் நகர நாளாகும், அதனால் நுழைவுத்தேர்வுக்குப் படிக்க உட்காரும்போதே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் தலைப்பு. அதை வெளியே தேடாதீர்கள். பனியன் கம்பெனி வேலைக்கு வந்த பீகார், ஒடிசா குடும்பத்துப் பிள்ளைகள் வருட நடுவில் சேர்கிறார்கள், ஊருக்குப் போனால் சிலர் திரும்புவதே இல்லை, வருகைப் பதிவேட்டில் பெயர் மட்டும் நிற்கிறது. இதைத் தலைமையாசிரியர் எப்படிக் கையாளுவது என்பதே நல்ல ஆய்வுக் கேள்விதான். நான் இரண்டு வருடமாக ஒரு கோடு போட்ட நோட்டில் சேர்ந்த தேதி, நின்ற தேதி, பெற்றோர் சொன்ன காரணம் என்று எழுதி வந்தேன். நெறியாளர் முதல் சந்திப்பில் வாங்கிப் புரட்டியது அந்த நோட்டைத்தான்.