குறுகிய பாதை எஞ்சினை அகலப்படுத்திய என் அனுபவம்

மொரீசியஸில் 1864-இல் ஓடத் தொடங்கிய அரசு ரயில் 1435 மி.மீ. இடைவெளி கொண்ட தண்டவாளங்களில் சென்றது என்பதால், அங்குள்ள ரோஸ் ஹில் ஊரில் என் வீட்டில் நான் அமைக்கும் மாதிரி ரயில் பாதையில் குறுகிய பாதை எஞ்சினை அப்படியே ஓட்ட மனம் ஒப்பவில்லை. 1:87 அளவில், அதாவது அசலை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கும்போது, 1435 மி.மீ. என்பது 16.5 மி.மீ. ஆகும். எஞ்சினின் 12 மி.மீ. பாதை அளவை 16.5 ஆக்க, ஒவ்வொரு பக்கச் சக்கரமும் 2.25 மி.மீ. வெளியே நகர வேண்டும். நீளமான அச்சுகளைப் பொருத்தி, சட்டத்தின் பக்கத் தகடுகளுக்கு இடையே பித்தளையில் வெட்டிய அகலமான குறுக்குத் துண்டுகளைப் பற்றவைத்தேன். சிலிண்டர்களையும் அதே அளவு வெளியே தள்ளினால்தான் பிஸ்டன் தண்டு நேராக ஓடும். பலர் கவனிக்காத இடம் இதுதான். சக்கரங்களில் இணைப்புத் தண்டு மாட்டும் முளைகளான இரு பக்கக் கிராங்க் ஊசிகளும் எல்லா அச்சிலும் மாறாமல் 90 பாகை விலகி நிற்க வேண்டும். சிறிது பிசகினாலும் இணைப்புத் தண்டு இறுகி எஞ்சின் திக்கித் திணறும். அச்சில் உள்ள பல்சக்கரம் நழுவாமலிருக்க இருபுறமும் மெல்லிய வாஷர் போட்டேன்.