ஏடிவி ஸ்ப்ராக்கெட் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏடிவியில் (கரடுமுரடான பாதைகளில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) மாற்றுவது செலவு குறைந்த வேலை. அதனாலேயே பலர் கணக்குப் பார்க்காமல் வாங்கிவிடுகிறார்கள். ஸ்ப்ராக்கெட் எஞ்சினின் சக்தியை ஒரு துளியும் கூட்டாது. இருக்கிற சக்தியை இழுவையாக எடுப்பதா, வேகமாக எடுப்பதா என்பதை மட்டும்தான் அது மாற்றும்.

யமஹா ஒய்எஃப்ஸெட் 450ஆர் வண்டியை எடுத்துக்கொள்வோம். கம்பெனியிலிருந்து வரும்போது எஞ்சின் பக்கமுள்ள முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பல், பின் அச்சில் உள்ளதில் 38. 38ஐ 14ஆல் வகுத்தால் 2.71; இதுதான் விகிதம். இந்த எண் கூடினால் பிக்கப் கூடும், ஒவ்வொரு கியரிலும் எட்டும் வேகம் குறையும். எண் குறைந்தால் நேர்மாறு.

முன்னால் ஒரு பல்லும் பின்னால் ஒரு பல்லும் ஒன்றுதான் என்று நினைப்பது வழக்கமான தவறு. முன்னால் 13 பல் போட்டால் விகிதம் 2.92 ஆகிவிடும். பின்னால் மட்டும் மாற்றி அதே அளவுக்கு வர 41 பல் தேவை. 14 பல்லில் 100 கி.மீ. வேகம் போன அதே ஆர்பிஎம்மில், 13 பல்லில் ஏறக்குறைய 93 கி.மீ.தான் வரும். கொஞ்சமாக மாற்றிப் பார்க்க விரும்புகிறவர்கள் பின் ஸ்ப்ராக்கெட்டில்தான் கை வைக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் டாப் ஸ்பீடு ஆசையில் வருகிறது. முன்னால் 15 பல் போட்டால் காகிதத்தில் 100 என்பது 107 ஆகும். ஆனால் வேகம் 10 சதவீதம் கூடினாலே காற்றைக் கிழிக்க 33 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். ஏடிவியில் ஓட்டுபவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், டயர்களும் அகலம். மணலாக இருந்தால் இன்னும் பாரம். அந்தச் சக்தி எஞ்சினிடம் இல்லையென்றால் டாப் கியரில் ஆர்பிஎம் ஏறாமல் திணறும், வேகம் முன்பைவிடக் குறையும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஆளில்லாத நீண்ட சமதளத்தில் டாப் கியரில் எஞ்சின் ரெவ் லிமிட்டை (ஆர்பிஎம்மின் உச்ச வரம்பு) தொடுகிறதா? தொட்டு நின்றுவிட்டால் 15 பல்லுக்கு அர்த்தம் உண்டு. தொடவே இல்லையென்றால் வேண்டாம். அப்படிப்பட்ட வண்டியில் சில நேரம் 13 பல் போட்டால்தான் டாப் ஸ்பீடே கூடும்.

டயரையும் மறந்துவிடக் கூடாது. 20 அங்குலப் பின் டயரைக் கழற்றி 22 அங்குலம் போடுவது, விகிதத்தைச் சுமார் 9 சதவீதம் குறைப்பதற்குச் சமம். பழைய பிக்கப் திரும்ப வேண்டுமானால் பின்னால் 42 பல் வரை போக வேண்டியிருக்கும். சரி, எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போடலாமா? கூடாது. 520 என்ற அளவுள்ள செயினுக்கான 38 பல் ஸ்ப்ராக்கெட்டை 41 ஆக்கினால் அதன் அடிப்பகுதி ஏழெட்டு மில்லிமீட்டர் தரையை நெருங்கும். பாறைப் பாதையில் ஓட்டினால் அடி வாங்கப்போவது அதுதான். முன்னால் மிகச் சிறியதைப் போட்டாலும் சிக்கல்: செயின் இறுக்கமாக வளைந்து சீக்கிரம் தேயும், ஸ்விங்ஆர்ம் (பின் அச்சைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) மேலிருக்கும் ரப்பரையும் அரைக்கும்.

அப்புறம் செயின். தேய்ந்து நீண்ட பழைய செயினில் புது ஸ்ப்ராக்கெட்டை மாட்டினால் புதுப் பற்களும் வேகமாகத் தேயும். செட்டாக மாற்றுவதே நல்லது. பல் எண்ணிக்கை மாறினால் செயின் நீளம் போதுமா என்றும் பாருங்கள். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் பிவட் (அது அசையும் மூட்டு), பின் அச்சு மூன்றும் நேர்கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். அந்த நிலையிலும் கொஞ்சம் தொய்வு மிஞ்ச வேண்டும். இல்லையென்றால் பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் கியர்பாக்ஸ் பேரிங் அடி வாங்கும்.

இதெல்லாம் செயினில் ஓடும் ஸ்போர்ட் ஏடிவிகளுக்குத்தான். போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் போன்ற, செயினுக்குப் பதில் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) வைத்த வண்டிகளில் மாற்றுவதற்கு ஸ்ப்ராக்கெட்டே கிடையாது. அவற்றில் பிக்கப் வேண்டுமானால் சிவிடி (பெல்ட்டில் ஓடும் தானியங்கி கியர் அமைப்பு) கிளட்ச்சின் வெயிட்டையும் ஸ்பிரிங்கையும்தான் மாற்ற வேண்டும்.