பூங்காவைத் திருத்துமுன் யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில், எங்கள் தெருவுக்குக் கீழே உள்ள பூங்காவில் ஞாயிறு மதியம் உட்கார இடம் கிடைக்காது. ஒரு பக்கம் இறைச்சி சுடும் பிராய் அடுப்புப் புகை, ஒரு பக்கம் பையன்களின் பந்தாட்டம், மேட்டில் யாருடைய பிறந்தநாளோ. இத்தனை பேர் வரும் இடத்துக்கு முதல் தடவை திட்டம் போட்டபோது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தார்கள். வந்தது ஏழெட்டுப் பேர், எல்லோரும் ஓய்வு பெற்ற ஆண்கள். அவர்கள் கேட்டபடி சுற்றிலும் கம்பிவேலி வந்தது. கீழ்ச்சாலையில் மினிபஸ் டாக்ஸி பிடிக்கப் போகிறவர்கள் தினமும் நடந்த ஒற்றையடிப் பாதையை அது அடைத்துவிட்டது. மூன்று வாரத்தில் வேலியில் ஓட்டை. வெட்டியவர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. இருட்டோடு வேலைக்குக் கிளம்பும் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

அடுத்த தடவை கோயில் மாதர் குழுவும் பள்ளிப் பெற்றோரும் சேர்ந்து, கேட்கும் வேலையை நாங்களே எடுத்துக்கொண்டோம். நான் தமிழ் வகுப்பு எடுப்பவள், திட்டமிடும் படிப்பு எதுவும் படித்ததில்லை. செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் யாரிடமும் எதுவும் கேட்காமல் போய் உட்காருங்கள். விடிகாலை ஐந்தரை, நண்பகல், பள்ளி விடும் நேரம், பொழுது சாயும் நேரம், அப்புறம் ஒரு ஞாயிறு. யார் வருகிறார்கள், எந்த வழியாக நடக்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று கையால் வரைந்த படத்தில் குறியுங்கள். யார் வரவில்லை என்பதையும் எழுதுங்கள். எங்கள் பூங்காவில் நான்கு மணிக்கு மேல் பத்து வயது தாண்டிய பெண்பிள்ளை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வெயிலில் கிடந்த பெஞ்சுகள் காலி, எல்லோரும் சாக்கடைச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தார்கள், ஏனென்றால் நிழல் அங்கேதான் இருந்தது. பெருமழை பெய்த மறுநாள் காலையும் ஒரு நடை போய்வாருங்கள். டர்பனில் பெரும்பாலும் கோடையில்தான் மழை. 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த நாம், தண்ணீர் ஓடும் தடத்தில் ஊஞ்சல் போடச் சொல்லக் கூடாது.

பிறகு கேளுங்கள். "என்ன வேண்டும்?" என்று கேட்டால் நீச்சல் குளம் என்பார்கள். "நேற்று இங்கே எதற்கு வந்தீர்கள்? எந்தப் பக்கம் போகப் பயப்படுவீர்கள்?" என்று கேட்டால் கதை வரும். வணக்கத்தை அவரவர் மொழியில் சொல்லுங்கள். ஜூலுவில் "சானிபோனானி" என்று தொடங்கிய பிறகுதான் கீழ்ச்சாலைப் பெண்கள் நின்று பேசினார்கள். என் ஜூலு கடைவீதி அளவுக்குத்தான் வரும் என்பதால் நன்றாகப் பேசும் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூட்டிப்போனேன்.

வாக்கெடுப்புக்கு நாங்கள் கண்ட வழி பீன்ஸ். ஐந்து ஐஸ்கிரீம் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு படம்: விளக்கு, கழிப்பறை, நிழல், ஊஞ்சல், பந்து மைதானம். ஆளுக்கு ஐந்து விதை. பெண்களுக்குப் புள்ளி போட்ட சுகர் பீன்ஸ், ஆண்களுக்கு வெள்ளை பீன்ஸ், பிள்ளைகளுக்குக் காய்ந்த பட்டாணி. எழுதப் படிக்கத் தெரியாதவரும் போடலாம். மூடியில் துளை மட்டும் வையுங்கள். உள்ளே தெரிந்தால் நிறைந்த டப்பாவிலேயே எல்லோரும் போடுவார்கள். மொத்தத்தை மட்டும் எண்ணியிருந்தால் பந்து மைதானம் ஜெயித்திருக்கும். நிறம் பிரித்து எண்ணியபோதுதான் கழிப்பறை டப்பாவில் கிட்டத்தட்ட முழுவதும் சுகர் பீன்ஸ் என்று தெரிந்தது. பாட்டிமார் ஏன் அரைமணியில் எழுந்து போய்விடுகிறார்கள் என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சண்டையும் வரும். எங்களுக்கு வந்தது, வேம்பு போலவே இலை உள்ள சிரிங்கா மரத்தால். இந்நாட்டுச் சட்டப்படி அது பரவிக் கெடுக்கும் அந்நிய மரம், வெட்டிவிடலாம் என்றார் ஒருவர். ஒரு ஆச்சி எழுந்து, "ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது வேப்பிலைக்குப் பதில் இந்த இலையைத்தானே ஒடிக்கிறோம்?" என்றார். இரண்டும் உண்மை. கைதூக்கி முடிவு செய்யாமல் எல்லோரும் மரத்தடிக்குப் போய் நின்று பேசினோம். பக்கத்தில் முதலில் இந்நாட்டு மரமான நேட்டால் மகோகனி நடுவது, அது நிழல் தரும்வரை சிரிங்காவை விட்டுவைக்கும்படி கேட்பது என்று எழுதினோம். செப்டம்பர் முதல் வாரம் இங்கே மரம் நடும் வாரம், அடுத்து மழையும் வரும் என்பதால் அந்தக் காலத்தையே குறித்தோம்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே "கட்டிய பிறகு யார் பார்ப்பார்?" என்று ஒரு பத்தி விடுங்கள். கழிப்பறை கேட்டால் காலையில் யார் திறப்பார், யார் கழுவுவார்? விளக்கு கேட்டால் செம்புக் கம்பி திருட்டை என்ன செய்வது? நாங்கள் சோலார் விளக்கு கேட்டது அதனால்தான். சரிவுப் பாதை கேட்டால் பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓரடி உயரத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று எழுதுங்கள். அதைவிடச் செங்குத்தானால் சக்கர நாற்காலியைத் தள்ளுவது கஷ்டம்.

இனி காலம். நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. வரைவு பட்ஜெட் மார்ச் முடிவுக்குள் மன்றத்துக்கு வரும், மே முடிவுக்குள் நிறைவேற வேண்டும். நடுவில் உள்ள ஏப்ரல், மே வாரங்கள்தான் மக்கள் கருத்துக்கு. ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள். வரைவு எழுதுமுன், அக்டோபர் நவம்பரிலேயே, வார்டு கமிட்டியிடம் கொடுங்கள். கவுன்சிலர் தலைமையில் பத்துப் பேர் வரை அதில் இருப்பார்கள். ஒருவராவது உங்கள் பூங்காவில் நடப்பவராக இருந்தால் நல்லது. 2000ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புச் சட்டம் நான்காம் அத்தியாயம் முழுக்க மக்கள் பங்கேற்பு பற்றியது. எழுத முடியாதவர் அலுவலகத்துக்கு வந்தால் ஊழியர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் அதில் உண்டு. எங்கள் ஆச்சியைக் கூட்டிப்போய் அப்படித்தான் ஒரு மனு கொடுத்தோம்.

மனு கொடுத்த அன்றே அதன் நகலைப் பூங்கா வாசலில் ஒட்டுங்கள், தமிழ், ஆங்கிலம், ஜூலு என மூன்று மொழியிலும். பதில் வந்ததும் அதன் கீழேயே தேதி போட்டு எழுதுங்கள்: எது கிடைத்தது, எது மறுக்கப்பட்டது, என்ன காரணம். எங்கள் பலகையில் கழிப்பறைக்கு எதிரே "அடுத்த ஆண்டு" என்று இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் அதன் முன் நாலு பேர் நின்று படிக்கிறார்கள்.